விளையாட்டுச் சாவியும் திருட்டுப் பணமும்

திருடனுக்குப் பணம் கிடைத்தால் மட்டும் போதாது. "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் சொல்ல அவனுக்கு ஒரு பதிலும் வேண்டும். அந்தப் பதிலை அவனுக்குத் தேடித் தரும் இடங்களில் ஒன்று, இணைய விளையாட்டுச் சந்தை.

எப்படி என்கிறீர்களா? மில் கான்டீன் டோக்கனை நினைத்துப் பாருங்கள். ஒருவன் உங்கள் சம்பளப் பணத்தைத் திருடுகிறான். அதைக் கொடுத்து டோக்கன் வாங்குகிறான். வெளியே விலை குறைத்து விற்றுவிடுகிறான். இப்போது அவன் கையில் இருப்பது 'வியாபாரப் பணம்'! டோக்கன் நாலு கை மாறினால் திருட்டின் தடம் அழிந்துவிடுகிறது.

'கவுண்டர்-ஸ்ட்ரைக்' என்னும் துப்பாக்கி விளையாட்டில் நடந்தது இதுவே. அதை நடத்துவது வால்வ் என்ற அமெரிக்கக் கம்பெனி. 2013-ல் அது விளையாட்டுக்குள் பெட்டிகளையும், அவற்றைத் திறக்கச் சாவிகளையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாவி ஒன்று சுமார் இரண்டரை டாலர். வாங்கிய சாவியைப் பிறருக்குக் கைமாற்றலாம். வெளிச் சந்தையில் காசாக்கலாம். மோசடிக் கும்பல்கள் சும்மா இருக்குமா? கைமாறும் சாவிகளில் ஏறக்குறைய எல்லாமே மோசடி வழியில் வந்தவை என்று நம்புவதாக, 2019 அக்டோபரில் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அத்துடன், புதிதாக வாங்கும் சாவியை எவருக்கும் கைமாற்ற முடியாதபடி செய்தது.

ஒரே உத்தரவில் மூட முடிந்த கதவு ஆறு ஆண்டுகள் ஏன் திறந்து கிடந்தது? சாவி விற்ற காசு கம்பெனிக்கு. அதன் சந்தையில் மறுபடி விற்றாலும் நூற்றுக்கு 15 பங்கு தரகு. லாபம் வரும் கதவை முதலாளி தானாகவே மூடட்டும் என்று காத்திருக்கலாமா? சாவிக்குத்தான் பூட்டு விழுந்தது. துப்பாக்கிக்குப் போடும் அலங்காரங்கள் இன்றும் கைமாறுகின்றன!

ஆகவே சட்டம் வேண்டும். பெரும் தொகைக்கு விற்பவன் யார் என்று கம்பெனி அறிந்திருக்க வேண்டும். புதிதாக வாங்கிய பொருளைச் சில நாட்களாவது கைமாற்ற விடக்கூடாது. சந்தேகமான விற்பனையைச் சர்க்காருக்குத் தெரிவித்தாக வேண்டும். விளையாடும் பிள்ளைகளுக்கு இதனால் என்ன நஷ்டம்?

நமக்கும் ஒரு எச்சரிக்கை. எந்த வழியில் சுற்றினாலும் திருட்டுப் பணம் பல வேளைகளில் யாரோ ஒருவரின் பாங்குக் கணக்குக்கு வந்து சேர்கிறது. "கமிஷன் தருகிறோம், உன் கணக்கைக் கொடு" என்று வருபவன் தேடுவது ஏழையின் பெயரை. தெரிந்தே துணைபோனால், 2002-ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டப்படி மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவல். பணம் அவனுக்கு, சிறை நமக்கு! கணக்கை எவனுக்கும் கொடாதீர்கள்!