இலையில் மிஞ்சுற காய்கறி

கொஞ்சம் நீளமான பதிவு. வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வர்றவங்களும், சமையல்கட்டில் நிக்கிறவங்களும் தயவு செஞ்சு முழுசா படிங்க.

சில வாரமா ஒரு பேச்சு ஓடுது. "ஜனங்க காயை இலையிலேயே ஒதுக்கிட்டுப் போறாங்க. மூணு காய் எதுக்கு? ஒண்ணு போதும். மிச்சக் காசுக்கு உருளைக்கிழங்கு பிரட்டலும் அப்பளமும் கூட போடலாம்." சொல்றவங்க கெட்ட எண்ணத்தில் சொல்லலை. இலை எடுக்கிறது நாங்கதான். கோஸும் பயத்தங்காயும் குப்பைப் பையில் போறதைப் பார்த்தா எனக்கும் வயிறு எரியுது. ஆனா காயைக் குறைக்கிறது இதுக்கு மருந்து இல்லைங்கிறது என் கருத்து.

நான் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். லைன்ல ரிஜெக்ட் நிறைய வந்தா, வாங்குறவங்க சரியில்லைன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. எந்த இடத்தில் கெட்டுச்சுன்னு பின்னாடி போய்ப் பார்க்கணும். இலையில் மிஞ்சுற காயும் அப்படித்தான். சாப்பிட வந்தவங்களைத் திட்டுறதுக்கு முன்னாடி அண்டாவைப் பார்ப்போம்.

கூட்டத்துக்குச் சமைக்கும்போது என்ன நடக்குது? அத்தனை கிலோ கோஸையும் ஒரே அண்டாவில் கொட்டி, முதல்லயே உப்பைப் போட்டு, தண்ணி ஊத்தி மூடி வைக்கிறோம். உப்பு பட்டதும் காய் தண்ணி விடும். அடியில் குழையும், மேலே வேகாது. கோஸ் ரொம்ப நேரம் வெந்தா ஒரு வாடை அடிக்கும், அது எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்புறம் பூஜை முடியற வரைக்கும் ரெண்டு மணி நேரம் சூட்டிலேயே இருக்கு. பிள்ளைங்க மூக்கைச் சுளிச்சா அது பிள்ளைங்க குத்தமா?

இதை மாத்த பெரிய செலவு ஒண்ணும் வேணாம். சோறு, சாம்பார், ரசத்தை முதல்ல முடிச்சிட்டு, காயைக் கடைசியில் அடுப்பில் ஏத்துவோம். ரெண்டு மூணு தடவையா பிரிச்சு, அகலமான சட்டியில், நல்ல சூட்டில் வதக்குவோம். உப்பு கடைசியில். வெண்டைக்காயைக் கழுவி, ஈரம் போக துடைச்சுட்டு நறுக்கி, வதங்கும்போது கொஞ்சம் புளித்தண்ணி தெளிச்சா வழவழப்பு அடங்கிடும். கீரையை மூடாம வேக வச்சா பச்சை நிறம் அவ்வளவா மங்காது. பாகற்காயை உப்பில் பிசறிப் பிழிஞ்சா கசப்பு குறையும். வெங்காயம், பூண்டு சேர்க்காத நாள்ல பெருங்காயமும் சீரகமும் கை கொடுக்கும். தேங்காய்ப்பூவை இறக்கும்போது தூவணும். எலுமிச்சையை இறக்கின பிறகு பிழியணும்.

"பிரசாதத்தில் ருசி பார்க்கலாமா?"ன்னு ஒருத்தர் கேட்டார். அம்மனுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்கும்போது முந்திரியை நெய்யில் பொன்னிறமா வறுத்துப் போடுறோமே, அந்த அக்கறை கோஸுக்கு மட்டும் எதுக்கு இல்லாம போகணும்? ருசின்னா எண்ணெயும் உப்பும் அள்ளிக் கொட்டுறதுன்னு நான் சொல்லலை. பக்குவத்தைத்தான் சொல்றேன்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்னு கேட்டா, நம்ம ஜனங்க உடம்பை நினைச்சுத்தான். 2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி, மலேசியாவில் பெரியவங்க 20 பேரில் 19 பேர் காய், பழம் போதுமான அளவு சாப்பிடறதில்லை. அதே ஆய்வில் இனிப்பு நீர் அதிகம் இருந்தது நம்ம இந்தியர்கள்கிட்டதான், 10 பேருக்கு 3 பேர். சுகாதார அமைச்சு 'சுக்கு-சுக்கு செப்பாரோ'ன்னு சொல்லுது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு மாதிரி புரதம், பாதி காயும் பழமும். நம்ம இலையில் பாதிக்கு மேல சோறு. அதில் உருளைக்கிழங்கைக் கூட்டி, காயைக் குறைச்சா என்ன ஆகும்? வாரம் முழுக்கக் கடையில் நாசி லெமாக், மீ கோரெங்னு ஓடற ஒருத்தருக்கு நம்ம வெள்ளிக்கிழமை இலைதான் மூணு காய் கிடைக்கிற ஒரே சாப்பாடா இருக்கலாம்.

அதனால நிர்வாகத்துகிட்ட ஒரு வேண்டுகோள். நாலு வெள்ளிக்கிழமை மட்டும் அவகாசம் கொடுங்க. மூணு காயும் இருக்கட்டும், நான் சொன்ன மாதிரி சமைச்சுப் பார்ப்போம். ஒவ்வொரு வாரமும் மிஞ்சின காயைத் தராசில் நிறுத்து எழுதி வைப்போம். நாலாவது வாரமும் எடை குறையலைன்னா, ஒரே காய் போதும்னு நானே கை தூக்குறேன்.

சாப்பிட வர்ற அன்பர்களே, வேணும்கிற அளவு மட்டும் கேட்டு வாங்குங்க. ஒதுக்குறதுக்கு முன்னாடி ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க. நல்லா இல்லைன்னா முகத்துக்கு நேரா சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டோம்.

காயைக் கடைசியில் சமைக்கணும்னா நறுக்க ஆள் கூட வேணும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் 4 மணிக்கு வர முடிஞ்சவங்க, ஒரு கத்தியும் பலகையும் எடுத்துக்கிட்டு சமையல்கட்டுக்கு வாங்க.

ஓம் சக்தி.