வரவை வெட்டலாமா?

மாசி கழிந்து பங்குனி பிறக்கும் காலம் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் ஆயத்தக் காலமாகும். எழுவான்கரையிலே, கல்லடிப் பக்கத்து மண்டபங்களில் நாடக ஒத்திகைகள் சூடுபிடிக்கின்றன. மார்ச்சு 27 உலக நாடக நாள். 1962 முதல் உலகெங்கும் கொண்டாடப்பட்டு வரும் இந்நாளையொட்டி எமது பகுதியிலும் நாடகமும் இசையும் மேடையேறுவது வழக்கமாகிவிட்டது. படுவான்கரையிலோ பெரும்போக வெள்ளாமை வெட்டு முடிந்து, நெல்லும் விலைப்பட்டு, மனிதர்க்குச் சற்று ஓய்வு கிடைத்திருக்கின்றது. இரவு எட்டு மணிக்குமேல் அந்தப் பக்கம் செல்வோர் ஏதேனுமொரு வளவிலிருந்து மத்தள ஒலி எழக் கேட்கலாம்.

மண்டபத்து நிகழ்ச்சிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லலாமா, சென்றால் அவர்களுக்கு எதனைக் காட்டுவது என்று எழுதும்படி இப்பகுதியை வாசிக்கும் தாய்மார் சிலர் கேட்டிருக்கின்றனர். தாராளமாகக் கூட்டிச் செல்லுங்கள். இசைக் கச்சேரிகளைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. வாய்ப்பாட்டும் வயலினும் மிருதங்கமும் எமது வீடுகளுக்குப் புதியன அல்ல. 1982இல் கல்லடியில் சுவாமி விபுலானந்தர் பெயரால் இசை நடனக் கல்லூரி எழுந்து, பின்னர் அது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்ததன் பயனாக, தெருவுக்கொருவர் இசை பயின்றவராக இருக்கின்றனர். காரைதீவிலே பிறந்து, 1926இல் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து 'மதங்க சூளாமணி'யையும், தாம் மறைந்த 1947ஆம் ஆண்டிலே 'யாழ்நூலை'யும் தமிழுக்குத் தந்த பெருமகனின் பெயரைத் தாங்கிய இடத்தில் இசையும் நாடகமும் தழைப்பது பொருத்தமே.

எமக்குச் சொல்ல வேண்டியிருப்பது கூத்தைப் பற்றி. அதிலும், நாமே செய்யவிருந்த ஒரு பிழையைப் பற்றி.

எமது மனைவியின் ஊர் படுவான்கரையில் உள்ளது. இவ்வாண்டு அங்கே வடமோடியில் பதின்மூன்றாம் போர் பழகுகின்றார்கள். அபிமன்யு சக்கர வியூகத்துட் புகுந்து மடிந்த அந்த நாளின் கதை. நகரிலுள்ள மன்றமொன்று இதனைக் கேள்வியுற்று, தமது மண்டபத்திலும் ஆடித் தருமாறு அழைத்தது. ஒரு நிபந்தனை மாத்திரம்: எழுபத்தைந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஊரார் கூடிப் பேசி, படித்தவர் என்று எம்மைப் பிடித்து, சுருக்கித் தரும் பொறுப்பை எம் தலையில் வைத்தனர். நாமும் பெருமையோடு ஏற்றுக்கொண்டோம். கல்லூரியில் இருபது ஆண்டுகளாக மாணவர் கட்டுரைகளைச் சிவப்பு மையினால் வெட்டிப் பழகிய கை அல்லவா?

அண்ணாவியாரின் கொப்பியை வாங்கி வந்து இரண்டு இரவுகள் இருந்து வெட்டினோம். முதலில் வெட்டியவை வரவுகள். கூத்துப் பார்த்தறியாத இளைஞருக்காக ஒரு வார்த்தை. கூத்திலே ஒரு பாத்திரம் களரிக்குள் சும்மா நடந்து வந்துவிடுவதில்லை. இன்னார் வருகின்றார் என்று பிறர் பாட, மத்தளம் தாளக்கட்டுச் சொல்ல, அவர் தமக்குரிய ஆட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆடி, வட்டமாகச் சுற்றி வந்து, தம் பெயரையும் பெருமையையும் தாமே பாடிச் சொல்லி நிற்பார். இதற்கு வரவு என்று பெயர். அரசனுக்கு நெடிய வரவு. ஏவலனுக்குக் குறுகிய வரவு. விடியும்வரை ஆடும் கூத்திலே இரவின் பெரும்பகுதி வரவுகளிலேயே கழியும். கதை நகர்வதில்லை. ஆகவே அவை மிகை என்று தீர்ப்பளித்து, துரியோதனனுக்கும் அபிமன்யுவுக்கும் இரண்டிரண்டு நிமிடம் விட்டுவிட்டு ஏனையவற்றைக் கோடிட்டுத் தள்ளினோம்.

கொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அண்ணாவியார் திண்ணையில் அமர்ந்து மத்தளத்துக்கு வார் இறுக்கிக்கொண்டிருந்தார். எழுபது வயதைக் கடந்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். முகத்தில் கோபம் எதுவுமில்லை. ஓரிடத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்:

"இலக்கணகுமாரன்ட வரவையும் வெட்டிப்போட்டியளே தம்பி. அப்ப அவன் என்னத்துக்குக் களரிக்கு வாறான்? சாகிறதுக்கு மட்டுமா?"

துரியோதனனின் மகன் இலக்கணகுமாரன். கதையின்படி அபிமன்யுவின் அம்புக்கு இரையாவதே அவன் வேலை. கூத்திலோ, அந்தச் சாவுக்கு முன்னர் பத்து நிமிடம் அவன் தனியொருவனாகக் களரியை ஆள்கின்றான். இன்னாரின் மகன், இன்ன வீரன் என்று ஊரே கேட்கப் பாடிச் சொல்கின்றான். அதன் பின்னர் அவன் விழும்போதுதான் எதிரியின் பிள்ளைக்காகவும் பெண்கள் கண்ணைத் துடைக்கின்றனர். நாம் அந்தப் பத்து நிமிடத்தை வெட்டி அவனைப் பெயரில்லாப் பிணமாக்கியிருந்தோம்.

இன்னொன்றும் உண்டு. அந்த இலக்கணகுமாரனாக ஆடுபவன் எமது மைத்துனரின் மகன். எமக்கு மருமகன் முறை. பத்தாம் வகுப்பு மாணவன். சட்டங்கொடுத்த நாள் முதல் பள்ளி முடிந்து வந்து, கிழமைக் கூத்துக்குத் தவறாமற் சென்று, கால் வீங்க வீங்க ஆடிப் பழகியவன். சதங்கை அணி நாளன்று எமது மாமியார் அவன் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததை நாம் கண்டோம். மூன்று மாதப் பயிற்சியின் பலன் அந்த ஒரு வரவு. உறவினர் எழுந்து சென்று மாலையிடுவதும், தாய்மாமன் பட்டுப் போர்த்துவதும் அந்த வேளையிலேதான். கதைக்கு மிகை என்று நாம் கண்டது குடும்பத்துக்கு முழுக் கூத்தாக இருந்தது.

கூத்தை வெட்டியவர் நாம் மாத்திரமல்லர் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 1956இல் பேராசிரியர் சரச்சந்திரவின் 'மனமே' கொழும்பில் மேடையேறியபோது, தமிழ்க் கூத்தின் சாயலைக் கொண்ட நாடகம் என்ற மரபிலிருந்து சிங்கள மக்கள் தமக்கென ஓர் அரங்கைச் சமைத்துவிட்டதை உலகம் கண்டது. அதே பேராதனையில் இருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் எமது கூத்தை நாடி வந்தார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் மாணவர்க்கு ஆட்டம் பழக்கினார். 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', பின்னர் 'இராவணேசன்', 'வாலிவதை' என வரிசையாக மேடையேறின. இராவணேசனை எழுதி இராவணனாகவும் ஆடியவர் எமது அமிர்தகழி தந்த சி. மௌனகுரு. விடிய விடிய ஆடியது சில மணித்தியாலத்துள் அடங்கிற்று. வட்டக்களரி படச்சட்டம் போன்ற மேடையாயிற்று. கூத்தாடுவது கல்லாதவர் வேலை என்று முகஞ்சுளித்த படித்த கூட்டம் அன்றுதான் கைதட்டிற்று. அந்த வெட்டு இல்லையேல் இன்று பல்கலைக்கழகத்தில் கூத்து ஒரு பாடமாக இருந்திராது. கேரளத்துக் கதகளியும் கன்னடத்து யட்சகானமும் இதே வழியில்தான் மாலை நேர அரங்குகளுக்கு வந்து சேர்ந்தன.

ஆயினும் வித்தியானந்தன் குழுவினர் சுருக்கியபோது, ஊரிலே முழுக் கூத்து ஆடப்பட்டுக்கொண்டிருந்தது. வெட்டிய துண்டைக் கண்டவருக்கு முழுத் துணி எங்கே உள்ளதென்று தெரியும். எமது நிலை அதுவன்று. நாம் நாற்பதைக் கடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. எமது சிறுபராயம் போர்க்காலம். 1990க்குப் பிறகு எமது ஊரில் இரவிலே விளக்கேற்றிக் கூட்டங்கூடுதல் நினைத்துப் பார்க்கவியலாத காரியமாயிற்று. இருட்டுமுன் கதவடைத்த தலைமுறை நாம். முதன்முதலாகக் களரியருகே இருந்து விடிவெள்ளியைக் கண்டது எமக்குத் திருமணமான பின்னரே. எம்மைப் போன்றவர் கையில் சிவப்பு மைப் பேனாவைக் கொடுத்தால், எது மிகை, எது உயிர் என்று எங்ஙனம் தெரியும்?

ஊர்க் கூத்து குற்றமற்றது என்று நாம் புகழப் போவதில்லை. இன்ன குடியினருக்கே அரச வேடம், இன்னார் பந்தல் கட்டவும் வெள்ளை விரிக்கவும் மாத்திரம் என்ற வழமைகள் அதற்குள் இருந்தன. பெண்கள் பார்க்கலாம், ஆடலாகாது என்றும் இருந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல் சி. ஜெயசங்கரும் 'மூன்றாவது கண்' நண்பர்களும் சீலாமுனை மக்களோடு இருந்து செய்துவரும் கூத்து மீளுருவாக்க வேலை எமக்குப் பிடித்திருப்பதன் காரணம் இதுவே. அவர்கள் கூத்தை நகர மண்டபத்துக்குத் தூக்கி வரவில்லை. ஆடுவோரையும் பார்ப்போரையும் ஊரிலேயே கூட்டி வைத்து, எதை மாற்றுவது, எதை வைத்துக்கொள்வது என்று அவர்களையே பேசவிட்டார்கள். வெட்டுவதற்கும் பேசி மாற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் அண்ணாவியாரின் திண்ணையிலேதான் விளங்கிக்கொண்டோம்.

கொப்பியை மீண்டும் வாங்கிக்கொண்டு, இம்முறை அவரருகிலேயே இருந்து வேலை செய்தோம். முழுக் கதையையும் எழுபத்தைந்து நிமிடத்துள் அடைக்கும் எண்ணத்தைக் கைவிட்டோம். துரியோதனன், இலக்கணகுமாரன், அபிமன்யு ஆகிய மூவரின் வரவு, அதன்பின் ஒரு போர், இலக்கணகுமாரனின் சாவு, மகனை இழந்த துரியோதனனின் புலம்பல்; அத்தோடு சரி. சக்கர வியூகம் மண்டபத்தில் இல்லை. அதைக் காண விரும்புவோர் வைகாசியில் ஊருக்கு வர வேண்டும். மன்றத்தாரிடம் சொன்னபோது முதலில் தயங்கினர். அபிமன்யு சாகாத பதின்மூன்றாம் போரா என்று ஒருவர் நகைத்தார். பின்னர் அவர்களே மேலும் பத்து நிமிடம் தந்தனர். மேடையை விட்டுவிட்டு மண்டபத் தரையிலேயே களரி அமைத்து, சுற்றிவரக் கதிரை போடுமாறு கேட்டிருக்கின்றோம். இதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கூட்டிச் செல்லும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள். அண்ணாவியாரும் சல்லரிக்காரரும் பக்கப்பாட்டுக்காரரும் களரி நடுவே நிற்க, ஆடுவோர் அவர்களைச் சுற்றி ஆடுவதே வழமை. மேடையிலே அவர்கள் ஓரமாக ஒதுங்கிவிடுவதால், ஆட்டக்காரர் வட்டமாகச் சுற்றுவது பிள்ளைகளுக்கு வீண் வேலையாகத் தோன்றும். எதனைச் சுற்றுகின்றார்கள் என்று சொல்லிக்கொடுங்கள். கிரீடத்தையும் கரப்புடுப்பையும் எல்லாரும் பார்ப்பர். நீங்கள் காலைப் பார்க்கச் சொல்லுங்கள். மத்தளம் சொல்வதைச் சதங்கை திருப்பிச் சொல்கின்றதா என்று கேட்கச் சொல்லுங்கள். தென்மோடிக் கூத்தும் நிகழ்ச்சியில் இருந்தால் பெரிய பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். உடுப்பின் பாரம் அதிலே குறைவு. ஆட்டத்தின் நுணுக்கம் அதிகம். வரவு நடக்கும்போது கைபேசியைப் பார்ப்போர் எத்தனை பேர் என்பதை நாம் சென்ற ஆண்டு எண்ணத் தொடங்கி, இடையில் கைவிட்டோம்.

எமது மாமியாரும் மண்டபத்துக்கு வருகின்றார். கண்ணகியம்மன் சடங்குக்குத் தவிர ஊரைவிட்டு இரவில் வெளிக்கிடாதவர். நேற்று எம்மை அழைத்துக் கேட்டார்:

"மருமகன், அங்க எத்தின மணிக்குத் தொடங்கும்?"

"ஆறு மணிக்கு, மாமி."

"முடியிறது?"

"எட்டு மணிக்குள்ள முடிஞ்சிரும்."

சிறிது நேரம் யோசித்தார். சுவரோரம் சுருட்டிச் சாத்தி வைத்திருந்த பாயைத் திரும்பவும் பரணில் ஏற்றச் சொன்னார்.

"அப்ப சோறும் கட்டத் தேவல்ல. பாயை வைகாசிக்கு எடுப்பம்" என்றார்.