ஜெனரேட்டர் வாங்குமுன் அளவறிவோம்

ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால், கடலோர மாவட்டங்களில் வாழும் நம் அங்கத்தினர்கள் அடிக்கடி வானத்தை நோக்கத் தொடங்குகின்றனர். 2018 நவம்பர் 16 அதிகாலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜாப் புயல், தென்னந்தோப்புகளைச் சாய்த்ததோடு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்களையும் வீழ்த்தியது. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. கிணற்றில் நீர் இருந்தும் அதை மேலேற்ற வழியின்றி, வண்டியில் வரும் வாடகை ஜெனரேட்டரை எதிர்பார்த்துக் குடும்பங்கள் காத்திருந்தன. அந்நாட்களை மறவாதவர்கள் தம் வீட்டுக்கென ஒரு ஜெனரேட்டர் வாங்க எண்ணுவது முற்றிலும் நியாயமே.

ஆனால் எத்தனை பெரிய யந்திரம் வாங்குவது என்பதில்தான் பலர் தவறிவிடுகின்றனர். "பெரிதாக வாங்கினால் பின்னால் கவலையில்லை" என்பது ஊரில் பரவலாக வழங்கும் அபிப்பிராயம். அதை நாம் ஏற்பதற்கில்லை. கடன் பெற்றாவது பெரிய யந்திரம் வாங்குவது, பாவு நீளத்தை அளவாமல் நூல் கொள்முதல் செய்வதற்கு ஒப்பாகும்.

கணக்கு கடினமானதன்று. ஒவ்வொரு மின்கருவியிலும் அது எத்தனை வாட் மின்சாரம் கொள்ளும் என்பது குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்குக்கு 36 வாட், மின்விசிறிகள் இரண்டுக்கு 150, குளிர்சாதனப் பெட்டிக்கு 150, தொலைக்காட்சிக்கு 80. ஆக மொத்தம் 416 வாட். இவ்வளவுதானா என்று பலரும் வியப்பர். எனினும் இதோடு கணக்கு முடிந்துவிடவில்லை. மோட்டார் உள்ள எந்தக் கருவியும் புறப்படும் கணத்தில், ஓடும்போது கொள்வதைப்போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். 150 வாட் குளிர்சாதனப் பெட்டி புறப்படும்போது 900 வாட் வரை கேட்கலாம். அதையும் சேர்த்தால் ஒரு கணத்துக்குத் தேவைப்படுவது சுமார் 1,170 வாட். கடைகளில் யந்திரத்தின் அளவைக் கே.வி.ஏ. என்று கூறுவர். பொதுவாக அதில் பத்தில் எட்டுப் பங்கே கிலோவாட்டாகக் கிடைக்கும் என்று கொள்வது பாதுகாப்பானது. ஆகவே 2 கே.வி.ஏ. யந்திரம் 1,600 வாட் தரும். மேற்கூறிய வீட்டுக்கு அது தாராளமாகப் போதும்.

இதே வீட்டில் 1 குதிரைத்திறன் நீரேற்று மோட்டாரையும் இயக்க விரும்பினால் கணக்கு அடியோடு மாறிவிடுகிறது. ஓடும்போது சுமார் 1,100 வாட் கொள்ளும் அம்மோட்டார், புறப்படும்போது மூன்று மடங்கும் அதற்கு மேலும் கேட்கும். அப்போது 5 கே.வி.ஏ.வுக்குக் குறைந்த யந்திரம் போதாது. அதாவது, நாளொன்றுக்குக் கால் மணி நேரம் தண்ணீர் ஏற்றுவதற்காக, இரண்டரை மடங்கு பெரிய யந்திரத்தை விலை கொடுத்து வாங்க நேர்கிறது.

தேவைக்குச் சிறியதை வாங்கினால் மின்னழுத்தம் தாழ்ந்து மோட்டாரின் சுருள் கருகிவிடக்கூடும். தேவைக்கு மிகப் பெரியதை வாங்கினாலும் நஷ்டமே. சுமையே இல்லாமல் ஓடும்போதும் யந்திரம் எரிபொருளைக் குடித்துக்கொண்டுதான் இருக்கும். டீசல் யந்திரத்தை அதன் திறனில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவான சுமையில் நெடுநாள் ஓட்டினால், எண்ணெய் முழுவதும் எரியாமல் கரி படிந்து யந்திரம் கெடும். தினந்தோறும் ஓரிரு மணி நேரம் மின்தடை ஏற்படும் ஊராயின், விளக்குக்கும் விசிறிக்கும் பாட்டரியுடன் கூடிய இன்வெர்ட்டரே போதுமானது.

கைத்தறி நெய்பவருக்கு, அறுந்த இழையைக் கண்டு பிணைக்க நல்ல வெளிச்சம் இருந்தால் வேலை நடக்கும். அவருக்குச் சிறிய யந்திரமே மிகுதி. விசைத்தறி வைத்திருப்போர் தறிகள் அனைத்தையும் ஒரே சமயத்தில் முடுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக முடுக்கினால், குறைந்த திறனுள்ள யந்திரத்தைக் கொண்டே சமாளிக்கலாம்.

தண்ணீர் ஏற்றும் பெருஞ்சுமைக்கு வழி என்ன? இங்கேதான் கூட்டுறவு துணை நிற்க வேண்டும் என்பது நமது கருத்து. புயல் நாட்களில் மட்டும் பயன்படும் பெரிய யந்திரத்தை வீட்டுக்கு வீடு வாங்கி மூலையில் நிறுத்துவது வீண். சங்கத்தின் பேரில் ஒன்று வாங்கி, வண்டியில் ஏற்றி, முறை வைத்துத் தெருத்தெருவாகத் தொட்டிகளை நிரப்பலாம். பழுது பார்க்கும் செலவும் பகிர்ந்துகொள்ளப்படும். இடருற்ற நேரத்தில் வாடகையை ஏற்றுவோரின் கையை எதிர்பார்க்கவும் வேண்டியதில்லை. யார் வீட்டுக்கு முதலில் என்ற சச்சரவு எழும் என்பர் சிலர். கால்வாய் நீரை முறை வைத்துப் பாய்ச்சிப் பழகிய விவசாயிகளுக்கு இது புதிதன்று.

எந்த அளவு யந்திரமாயினும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. வீட்டு இணைப்பையும் ஜெனரேட்டரையும் பிரிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்சை, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்தாமல் யந்திரத்தை வீட்டுக் கம்பியில் இணைக்கலாகாது. நமது மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து, மின்மாற்றியில் பல மடங்கு அழுத்தம் பெற்று, கம்பத்தின் மேல் நமக்காகவே பாடுபடும் ஊழியரின் உயிரைப் பறித்துவிடும். அடுத்து, ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ தறிக்கூடத்துக்குள்ளோ திண்ணையிலோ ஓட்டலாகாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே மாண்டுவிடுவர். மழை படாத மறைவின்கீழ், கதவு சன்னல்களிலிருந்து 20 அடிக்கு அப்பால் திறந்தவெளியிலேயே அது நிற்க வேண்டும்.

அங்கத்தினர்கள் கடைக்குச் செல்லுமுன், இருளில் இன்றியமையாதவை எவை என்பதைக் குடும்பத்தாருடன் கலந்து ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்ப்பார்களாக. அத்தாளைச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கும் கொண்டுவந்தால், தனித்தனியே வாங்க வேண்டியது எது, கூடி வாங்க வேண்டியது எது என்பது தெளிவாகிவிடும். மழைக்காலத்துக்கு முன்னரே இதைச் செய்து முடிப்பது நலம்.