பந்தும் பாலமும்

பந்து விளையாட்டில் பெயரெடுத்த வாலிபர்கள் பிற்காலத்தில் என்ன ஆகிறார்கள் என்று நாம் விசாரிப்பதில்லை. ஆர்ச்சி அலெக்ஸாண்டரின் சரித்திரமோ அவசியம் விசாரிக்கத் தக்கது.

அமெரிக்காவில் அயோவா மாகாணத்து ஒட்டும்வா நகரில், 1888-ல், எளிய கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். அயோவா சர்வகலாசாலையில் இஞ்சினீயரிங் படிக்கையில், அத்தொழிலில் கறுப்பர் பிழைக்க முடியாது என்று எச்சரிக்கப்பட்டார். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. கால்பந்துக் குழுவிலோ அவர் எதிரிகளை மறித்து நிறுத்தும் மல்லர். ஆயினும் 1910-ல், மிஸ்ஸூரி சர்வகலாசாலையார் அவருடைய நிறத்தை முன்னிட்டு ஆட்சேபிக்கவே, அப்பந்தயத்தில் ஆடாமல் ஒதுங்கி நிற்க நேர்ந்தது. அவ்விரு குழுக்களும் மறுபடி சந்தித்தது 2010-ல்தான்!

1912-ல் பட்டம் பெற்றவருக்கு முதலில் கிடைத்தது மணிக்குக் கால் டாலர் கூலி. பாலம் கட்டும் கம்பெனியொன்றில் தொழிலாளி வேலை. இரண்டே வருஷத்தில் சொந்தத் தொழில் தொடங்கிவிட்டார். 1929-ல் அவருடன் கூட்டுச் சேர்ந்தவர் யார் தெரியுமா? பழைய கால்பந்துக் குழுவில் உடன் ஆடிய வெள்ளையர் மாரிஸ் ரெபாஸ். நிறபேதம் தலைவிரித்தாடிய வாஷிங்டன் நகரிலேயே, 1943-ல் டைடல் பேஸின் பாலத்தையும், 1949-ல் ஒயிட்ஹர்ஸ்ட் மேம்பாலச் சாலையையும் அவர்களது கம்பெனி கட்டி முடித்தது. 1954-ல் வர்ஜின் தீவுகளின் கவர்னராகவும் நியமனம் பெற்ற அலெக்ஸாண்டர், 1958-ல் காலமானார்.

விளையாட்டினால் என்ன பிரயோஜனம் என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெற்றோர்கள் அந்தக் கூட்டாளியைச் சற்று நினைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.