கன்ட்ரோல்-என் ஒரு பாடமா?

சிதறாலிலிருந்து மார்த்தாண்டம் வந்து, களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தின் பாறசாலை. இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், பிளஸ் ஒன் கணினி அறிவியலுக்கு 2018இல் வந்த பாடநூல் டெவ் சி++ என்ற நிரல் எழுதும் கருவியைத் திறக்கச் சொல்கிறது. அந்தப் பக்கத்துப் பாடநூல் ஜீனியைக் காட்டுகிறது. இரண்டிலும் மொழி ஒன்றுதான், சி++.

ஆனால் ஜீனி லினக்ஸிலும் ஓடும், விண்டோஸிலும் ஓடும். டெவ் சி++ விண்டோஸை விட்டு நகராது. போதாக்குறைக்கு, பரவலாகப் புழங்கிய அதன் பதிப்பு 2015லேயே நின்றுபோயிருந்தது. 2020இல்தான் எம்பார்காடரோ நிறுவனம் அதைக் கையிலெடுத்துப் புதுப்பித்தது. இடைப்பட்ட காலத்தில்தான் நம் பாடநூல் அச்சேறியது. மாநில அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்ததை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கருவி எதுவானால் என்ன, மொழிதானே முக்கியம் என்று கேட்பவர்கள் கல்லூரி ஆய்வகங்களைப் பார்க்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் வந்த டர்போ சி++இன் நீலத்திரை பல இடங்களில் இன்னும் அணையவில்லை. 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது. டாஸ்பாக்ஸுக்குள் வைத்து உயிரூட்டுகிறார்கள். சி++க்கு முதல் சர்வதேசத் தரவரையறை வந்தது 1998இல். இந்தக் கருவி அதற்கும் மூத்தது. அதில் பழகியவர் எல்லா நிரலையும் கோனியோ.எச் போட்டுத் தொடங்கி, கிளர்ஸ்கிரீன் எழுதி, கெட்ச்சில் முடிப்பார். இவை சி++ தரத்திலேயே கிடையாது. டாஸ் காலத் தொகுப்பான் (கம்பைலர்) நிறுவனங்கள் தாமாகச் சேர்த்துக் கொடுத்தவை. வேறு தொகுப்பானில் அதே நிரல் பிழை காட்டும்போது, தான் படித்ததில் எவ்வளவு மொழி, எவ்வளவு கருவி என்று அவருக்குப் பிரிக்கத் தெரிவதில்லை.

2019இல் வந்த பிளஸ் டூ நூல் பைத்தானுக்கு ஐடிலைத் தேர்ந்தது. நல்ல தேர்வு. பைத்தானை நிறுவினாலே கூடவே வந்துவிடும், நினைவகம் அதிகம் தின்னாது, இணையமும் வேண்டாம். ஆனால் பாட இறுதியில் ஒரு மதிப்பெண் கேள்வி ஒன்று: புதிய நிரலைத் தொடங்கும் குறுக்குவழி விசை எது? விடை, கன்ட்ரோல்-என். கருவியைத் தேர்ந்தெடுத்ததில் அல்ல, அதைத் தேர்வுக்குரிய பாடமாக்கியதில்தான் கோளாறு.

கம்பெனிகளில் எல்லோரும் விஎஸ் கோடுதான் வைத்திருக்கிறார்கள், பள்ளியிலேயே பழக்கலாமே என்பது ஐடி வேலையிலிருக்கும் அண்ணன்மாரின் யோசனை. எனக்கு உடன்பாடில்லை. சி++ தொகுப்பானை அது உடன் தருவதில்லை. தனியாக நிறுவி, பாதை காட்டி முடிப்பதற்குள் ஆய்வகப் பீரியடு முடிந்துவிடும். தானாகவே மீதியை எழுதிக்கொடுக்கும் வசதியும் முதல் வருடத்தில் தேவையில்லை. பைத்தானுக்கென்றால், எஸ்டோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவான தோனி என்ற எடிட்டர் மாணவருக்கு இதைவிடப் பொருத்தம்: நிரல் வரிவரியாக ஓடுவதையும் மாறிகளின் மதிப்பு மாறுவதையும் கண்முன் காட்டும்.

ஒரு வகுப்புக்கு ஒரே திரை இருந்தால் ஆசிரியருக்கு எளிது என்ற வாதம் நியாயமானது. அந்தத் திரையின் படத்துக்குப் பக்கத்திலேயே, அதே நிரலை டெர்மினலில் ஜி++ கட்டளையால் தொகுப்பது எப்படி என்று நாலு வரி சேர்த்தால் போதும். எடிட்டர் வேறு, தொகுப்பான் வேறு என்பது பதினாறு வயதிலேயே விளங்கிவிடும். அரைப்புள்ளி விட்டுப்போனால் சில தொகுப்பான்கள் அடுத்த வரியைச் சுட்டும். வினாத்தாளில் அப்படியொரு பிழைச்செய்தியை அச்சிட்டு, தவறு உண்மையில் எந்த வரியில் என்று கேட்கலாம். செய்முறைத் தேர்விலும் எந்த எடிட்டரில் எழுதினாலும் ஏற்கலாம்; புறத்தேர்வாளர் பார்க்க வேண்டியது நிரலையும் அதன் வெளியீட்டையும் மட்டுமே.