மாரியம்மாள் பெயரை வெட்டலாமா?

மாரியம்மாள். மாரியப்பன்.

இந்த இரண்டு பெயரும் இல்லாத தெரு விருதுநகர் மாவட்டத்தில் உண்டா? தேடித்தான் பார்க்க வேண்டும்.

இருவரும் அக்காள் தம்பி என்று வைத்துக்கொள்வோம். ஒரே இடத்தில் வேலை பார்க்கிறார்கள். சனிக்கிழமை சம்பளம். சம்பளப் பட்டியலைக் கம்ப்யூட்டர் அச்சடித்துக் கொடுக்கிறது. பெயருக்கு 15 இடம் என்று புரோகிராம் எழுதியவர் ஒதுக்கியிருக்கிறார்.

அக்காள் பெயர் எப்படி வருகிறது? "மாரிய" என்று வருகிறது.

தம்பி பெயர்? அதுவும் "மாரிய"தான்!

யார் சம்பளத்தை யாரிடம் கொடுப்பது?

இதே பெயர்களை இங்கிலீஷில் அடித்தால் ஆளுக்கு ஒன்பது எழுத்து. 15 இடத்தில் தாராளமாக அடங்கும். தமிழில் ஆறே எழுத்துதான். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: மா, ரி, ய, ம், மா, ள். ஒன்பது எழுத்து அடங்கிய இடத்தில் ஆறு எழுத்து அடங்கவில்லை!

இது என்ன விசித்திரக் கணக்கு?

"அச்சடி" என்ற உத்தரவு

கம்ப்யூட்டருக்கு உத்தரவு போடும் மொழிகளில் 'சி' என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிசாலையில் டென்னிஸ் ரிட்சி என்பவர் 1972-ம் ஆண்டு வாக்கில் உருவாக்கியது. அதில் 'பிரிண்ட்எப்' என்று ஓர் உத்தரவு உண்டு. 'பிரிண்ட்' என்றால் அச்சடி. 'எப்' என்பது 'பார்மட்' என்ற சொல்லின் முதல் எழுத்து. "நான் சொல்கிற அமைப்பில் அச்சடி" என்பது பொருள்.

என்ஜினீயரிங் மாணவர்கள் முதல் வாரத்திலேயே படிக்கும் பாடம் இது. 1978-ல் கெர்னிகானும் ரிட்சியும் சேர்ந்து எழுதிய புத்தகத்தில் முதல் பயிற்சியே, உலகத்துக்கு வணக்கம் சொல்லும் ஒரு வரியை இந்த உத்தரவால் அச்சடிப்பதுதான்.

இதைச் சிவகாசிக்காரர்களுக்கு விளக்குவது மிகவும் சுலபம். காலண்டரைப் பாருங்கள்!

சாமி படமும் இயற்கைக் காட்சியும் மொத்தமாக அச்சாகிவிடும். கடைப் பெயருக்கு மட்டும் இடம் காலியாக இருக்கும். ஆடிப் பதினெட்டுக்குப் புது ஆல்பம் வெளிவந்ததும் ஆர்டர் வரத் தொடங்கும். ஜவுளிக் கடைக்கு ஜவுளிக் கடைப் பெயர். நகைக் கடைக்கு நகைக் கடைப் பெயர். படம் ஒன்று, பெயர் வேறு வேறு.

பிரிண்ட்எப் செய்வதும் இதுவேதான். மாறாத வாசகத்தை எழுதி, காலி இடத்தில் ஒரு சதவிகிதக் குறி போட வேண்டும். அதன் பக்கத்தில் 'எஸ்' போட்டால் "இங்கே பெயரை வை" என்று அர்த்தம். 'டி' போட்டால் "இங்கே எண்ணை வை" என்று அர்த்தம். நடுவில் 15 என்று போட்டால் குறைந்தது 15 இடம். புள்ளி வைத்து 15 என்று போட்டால் 15-க்கு மேல் போகாதே என்று கட்டளை.

அருமையான ஏற்பாடு! பின்னால் வந்த பல மொழிகள் இந்தக் குறிகளையே எடுத்துக்கொண்டன.

எண்ணுவது எழுத்தை அல்ல

பிறகு கோளாறு எங்கே?

இந்த உத்தரவு எண்ணுவது எழுத்துகளை அல்ல. கம்ப்யூட்டரின் நினைவில் உள்ள சின்னக் கட்டங்களை எண்ணுகிறது. அந்தக் கட்டத்துக்குப் 'பைட்' என்று பெயர்.

இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு கட்டம் போதும். ஆகவே எழுத்தை எண்ணினாலும் கட்டத்தை எண்ணினாலும் அங்கே ஒன்றுதான்.

தமிழுக்கு யூனிகோடில் 1991-ம் ஆண்டிலேயே இடம் கிடைத்தது. 2010-ம் ஆண்டில் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றது. அதில் 'மா' என்பது ஓர் எழுத்தாக இல்லை. 'ம' ஒரு துண்டு. கால் ஒரு துண்டு. மெய்யெழுத்தின் புள்ளிகூடத் தனித் துண்டுதான். இந்தத் துண்டுகளைச் சேமிக்க இன்று எங்கும் வழங்கும் 'யூடிஎப்-8' முறையில் ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று கட்டம் வேண்டும்.

மாரியம்மாளுக்கு எழுத்து 6; துண்டு 11; கட்டம் 33!

பதினைந்தாவது கட்டத்தில் வெட்டினால் ஐந்து துண்டுதான் மிஞ்சும். அதுதான் "மாரிய". மாரியப்பனை வெட்டினாலும் அதே ஐந்து துண்டு.

பதினாறில் வெட்டினால் இன்னும் மோசம். ஆறாவது துண்டில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அது எந்த எழுத்தும் இல்லை. திரையில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி முழிக்கும். பலர் பார்த்திருப்பீர்கள்.

வெட்டாமல் விட்டாலும் தொல்லை தீராது. பட்டாசு விலைப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 15 இடம் விட்டு விலையைப் போடச் சொல்கிறோம். "வெடி" என்பது 12 கட்டம். மூன்று இடம் விட்டு விலை வரும். "மத்தாப்பு" 27 கட்டம். 15-ஐத் தாண்டிவிட்டதே! ஓர் இடம்கூட விடாமல் விலை ஒட்டிக்கொள்ளும். நேராக நிற்க வேண்டிய விலை வரிசை, தள்ளாடி நடப்பவன் தடம் போல வளைந்து போகும்.

துண்டுகளை எண்ணும் வேறொரு உத்தரவும் சி மொழியில் உண்டு. அது 33 என்பதை 11 ஆக்கும். 6 ஆக்காது.

கம்பாசிட்டர் சொன்ன பாடம்

சில ஆண்டுகளுக்கு முன்பு சிவகாசியில் வயதான கம்பாசிட்டர் ஒருவரைச் சந்தித்தேன். ஈய எழுத்துக் கோத்த காலத்து மனிதர்.

"இடம் பத்தாவிட்டால் என்ன செய்வீர்கள், அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"சின்ன எழுத்துப் போடுவேன் தம்பி. இல்லைன்னா ரெண்டு வரியா மடக்குவேன். பேரை மட்டும் வெட்ட மாட்டேன். எழுத்தை எண்ணினாக்கூடப் பத்தாது தம்பி. 'ர'வும் 'ண'வும் ஒரே அகலமா? இடத்தை அளக்கணும்" என்றார்.

எவ்வளவு பெரிய உண்மை! அவர் சி மொழி படித்தவர் அல்ல. ஆனால் அச்சடிப்பது என்றால் என்ன என்று தெரிந்தவர்.

இந்திய மொழிகளில் முதன் முதலில் அச்சேறியது தமிழ். 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. நானூறு ஆண்டுக்கு மேல் அச்சுக் கண்ட மொழியை, நேற்று வந்த யந்திரம் பாதி எழுத்தில் வெட்டுவதா?

அளவு மீறினால் ஆபத்து

இதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது.

பிரிண்ட்எப்புக்கு ஒரு தம்பி உண்டு. பெயர் 'எஸ்பிரிண்ட்எப்'. இது காகிதத்திலோ திரையிலோ அச்சடிக்காது. நினைவில் ஒதுக்கிய ஒரு பெட்டியில் வாசகத்தைக் கொட்டும். பெட்டி எவ்வளவு பெரிது என்று பார்க்காமலே கொட்டும்!

"தமிழ்ப் பெயருக்கு 20 எழுத்துப் போதும்" என்று நினைத்து 20 கட்டத்தில் பெட்டி செய்தால் என்ன ஆகும்? மாரியம்மாளுக்கே 33 கட்டம் வேண்டும். மிச்சம் அடுத்த பெட்டியில் போய் விழும். அங்கே இருந்தது என்ன? கூலித் தொகையாக இருக்கலாம். கணக்கே புரளும், அல்லது புரோகிராம் நின்றுபோகும். திருட்டு எண்ணம் உள்ளவன் வேண்டுமென்றே நீண்ட பெயரைக் கொடுத்து உள்ளே நுழையவும் வழி உண்டு.

குழாய் கொள்ளும் அளவுக்கு மேல் மருந்து அடைக்கக் கூடாது என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அளவு தவறினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணீர் விட்டுப் படித்த மண் இது.

இதற்கு மருந்தும் இருக்கிறது. 1999-ம் ஆண்டு வகுத்த சி மொழி விதிகளில் 'எஸ்என்பிரிண்ட்எப்' என்ற உத்தரவு சேர்ந்தது. அதற்குப் பெட்டியின் அளவைச் சொல்ல வேண்டும். அதற்கு மேல் கொட்டாது. "முழுவதும் எழுத இவ்வளவு கட்டம் வேண்டும்" என்றும் திருப்பிச் சொல்லும். அந்தப் பதிலைக் கேட்டுப் பெரிய பெட்டி செய்வது புரோகிராம் எழுதுபவர் கடமை. பதிலைக் கேளாமல் போனால் பெயர் மறுபடியும் வெட்டுப்படும்!

இன்னொன்று. "80% தள்ளுபடி" என்று பட்டாசுக் கடை விளம்பரம் வைக்கிறது. அந்த வாசகத்தையே அமைப்பாகக் கொடுத்துவிட்டால், அதிலுள்ள சதவிகிதக் குறியைக் "காலி இடம்" என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். என்ன அச்சாகும் என்று யாரும் சொல்ல முடியாது! வாடிக்கைக்காரர் கொடுத்த துண்டுச் சீட்டையே அச்சுத் தகடாக மாட்டுவது போன்ற காரியம் இது. வெளியார் கொடுக்கும் வாசகத்தை 'எஸ்' போட்ட காலி இடத்தில்தான் வைக்க வேண்டும்.

யார் குற்றம்?

ரிட்சியைக் குறை சொல்வது நியாயம் அல்ல. இங்கிலீஷ் எழுத்துகளை வைத்து வேலை பார்த்த காலத்தில் செய்த கருவி அது. அரை நூற்றாண்டு தாண்டியும் உழைக்கிறது.

யூடிஎப்-8 முறையையும் குறை சொல்ல மாட்டேன். 1992-ல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்தது. பழைய புரோகிராம்கள்கூடத் தமிழைச் சிந்தாமல் சுமந்து செல்ல அதுதான் வழி செய்தது. சுமப்பதில் பழுது இல்லை. அளப்பதிலும் வெட்டுவதிலும்தான் பழுது.

"இவ்வளவு தொல்லை எதற்கு? இங்கிலீஷிலேயே அடித்துவிட்டுப் போகலாமே!" என்பார் சிலர். அது நோய்க்கு மருந்து அல்ல. நோயாளியை வீட்டை விட்டு அனுப்புவது. சம்பளச் சீட்டை வாங்குகிறவர் படிக்க வேண்டாமா? தன் பெயரைத் தன் மொழியில் சரியாகப் பார்க்க ஒரு தொழிலாளிக்கு உரிமை இல்லையா?

எங்கே எழுத்து முடிகிறது என்று கண்டுபிடிக்க யூனிகோடு அமைப்பே விதிகள் வெளியிட்டிருக்கிறது. 'மா' ஓர் எழுத்து, 'ம்' ஓர் எழுத்து என்று அவ்விதிகள் சரியாகவே பிரிக்கும். அதற்கான கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எடுத்துப் பயன்படுத்தத்தான் ஆள் வேண்டும்.

என் அபிப்பிராயம் இதுதான்:

சிவகாசியிலும் விருதுநகரிலும் கிருஷ்ணன்கோயிலிலும் என்ஜினீயரிங் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே பிரிண்ட்எப் பாடம் தொடங்கும் நாளிலேயே மாணவர் தம் பெயரைத் தமிழில் அச்சடிக்க வேண்டும். எழுத்து எத்தனை, துண்டு எத்தனை, கட்டம் எத்தனை என்று எண்ண வேண்டும். ஒரு மணி நேரம் போதும். ஆயுள் முழுவதும் மறக்காது.

கடைக்காரர்களும் அச்சக முதலாளிகளும் ஒன்று செய்யலாம். பில் போடும் புரோகிராமை விலை பேசும்போது, "மாரியம்மாள், மாரியப்பன் என்று இரண்டு பெயரைத் தமிழில் அடித்துக் காட்டுங்கள் தம்பி" என்று கேளுங்கள். இரண்டும் முழுதாக வந்தால் பணம் கொடுங்கள். "மாரிய" என்று வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

காலண்டரில் ஓர் எழுத்து விட்டுப்போனால் கட்டுக் கட்டாகத் திருப்பி அனுப்புகிற ஊர் இது. அந்தக் கண்டிப்பைக் கம்ப்யூட்டரிடம் மட்டும் ஏன் தளர்த்த வேண்டும்?