தளர்ந்தா வீழ்ந்தன?

நுழையும்முன்

பதினாறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக நிலவுலகில் வாழ்ந்த டைனோசர்கள், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்தன. அந்த அழிவு நேர்ந்தபோது அவை செழித்திருந்தனவா, முன்பே நலிந்து தேய்ந்துகொண்டிருந்தனவா? அறிஞர்களிடையே நெடுநாளாக நிகழும் இவ்வாதத்தைச் சான்றுகளின் துணையோடு எடைபோடுகிறது இக்கட்டுரை.

பேருடல், சிறுமூளை, மந்த நடை. மாறும் உலகுக்கு ஈடுகொடுக்க இயலாமல் தாமே தேய்ந்து மறைந்த விலங்குகள். டைனோசர்களைப் பற்றி மக்கள் மனத்தில் பதிந்துள்ள சித்திரம் இது. ஒன்று வீழ்ந்தபின் அதன் குறைகளை அடுக்குவது எளிது. ஆயின், வீழ்ந்தது என்பதனாலேயே அது முன்பே தளர்ந்திருந்தது என முடிவு செய்யலாமா?

வானிலிருந்து வந்த அழிவு

இத்தாலியின் குப்பியோ நகரருகே உள்ள பாறைகளின் நடுவே மெல்லிய களிமண் படலம் ஒன்று உள்ளது. புவியின் மேற்பரப்பில் மிக அரிதாகவும் விண்கற்களில் மிகுதியாகவும் காணப்படும் இரிடியம் என்னும் தனிமம் அப்படலத்தில் செறிந்திருந்தது. லூயி ஆல்வாரெஸ், அவர்தம் மகன் வால்டர் ஆல்வாரெஸ் ஆகியோரைக் கொண்ட ஆய்வுக்குழு இதனை 1980இல் வெளியிட்டு, பெரிய விண்கல் ஒன்றின் மோதலே பேரழிவுக்குக் காரணம் என்றது. மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் புதைந்துள்ள, ஏறத்தாழ 180 கிலோமீட்டர் விட்டமுடைய சிக்சுலுப் பள்ளம் அம்மோதலின் தழும்பு எனப் பின்னர் அறியப்பட்டது. எழுந்த தூசியும் புகைக்கரியும் கதிரொளியை மறைத்தன. ஒளிச்சேர்க்கை தடைப்பட்டது. தாவரங்கள் மடிய, தாவர உண்ணிகள் மடிந்தன. அவற்றைத் தொடர்ந்து ஊனுண்ணிகளும் மடிந்தன. மோதல் நிகழ்ந்ததில் இன்று ஐயமில்லை. அது நலிந்தவற்றின்மீது விழுந்த இறுதி அடியா, நலமாக வாழ்ந்தவற்றின்மீது விழுந்த பேரிடியா என்பதே வினா.

தேய்ந்தன என்போர் வாதம்

அமெரிக்காவின் மாண்டானா மாநிலத்து ஹெல் கிரீக் பாறைகள், டைனோசர்களின் இறுதிக்காலத்தைக் காட்டும் புகழ்பெற்ற ஆவணம் ஆகும். அதற்கு முற்பட்ட பாறைகளில் கிடைத்த அளவுக்கு இங்கே இனங்கள் மிகுதியாகக் கிடைக்கவில்லை. 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, டைனோசர்களின் குலமரத்தைக் கணித முறையில் ஆராய்ந்தது. புதிய இனங்கள் தோன்றும் வேகத்தை இனங்கள் மறையும் வேகம் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே விஞ்சிவிட்டது என்பது அதன் முடிவு. ஆறு குடும்பங்களை ஆராய்ந்த 2021ஆம் ஆண்டு ஆய்வும் 7.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே சரிவு தொடங்கிற்று எனக் கூறி, புவி குளிர்ந்ததை ஒரு காரணமாகக் காட்டியது. இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. எனினும் இக்கணக்குகள் அனைத்தும் ஓர் அடித்தளத்தின்மீதே நிற்கின்றன: கிடைத்த புதைபடிவங்கள்.

பாறை சொல்லாதவை

இறந்த விலங்கெல்லாம் புதைபடிவமாவதில்லை. அதன் உடலை வண்டல் விரைந்து மூடவேண்டும், வண்டல் பாறையாகவேண்டும், அப்பாறை இன்று மனிதர் கண்ணுக்குத் தென்படவேண்டும். வட அமெரிக்காவை இரு கூறாகப் பிரித்திருந்த உள்நாட்டுக் கடலின் கரையோரங்கள், எலும்புகளைப் புதைத்துக் காக்கும் வண்டலை ஒரு காலத்தில் மிகுதியாகத் தந்தன. டைனோசர்களின் இறுதிக்காலத்தில் அக்கடல் பின்வாங்கியது. அதனோடு, எலும்புகளைக் காக்கும் இடங்களும் சுருங்கின.

கரையான் அரித்த சுவடிகளால் ஒரு நூற்றாண்டின் பாடல்கள் நமக்குக் கிட்டாமற் போகலாம். அதனால் அந்நூற்றாண்டில் புலவரே வாழவில்லை என்று உரைப்பார் இலர். டைனோசர்களுக்கும் இந்நீதி பொருந்தும்.

2025இல் வெளியான ஆய்வு ஒன்று, வட அமெரிக்காவில் கிடைத்த ஏறத்தாழ 8000 புதைபடிவங்களைக் கொண்டு, இறுதி 1.8 கோடி ஆண்டுகளை ஆராய்ந்தது. நான்கு டைனோசர் குடும்பங்கள் வாழ்ந்திருக்கக்கூடிய நிலப்பரப்பு பெரிதும் மாறவில்லை. அவற்றைக் கண்டெடுக்கும் வாய்ப்பே குறைந்தது என்று அது காட்டியது. அதே ஆண்டில் நியூ மெக்சிகோ பாறைகளின் காலமும் கணிக்கப்பட்டது. பேரழிவுக்கு முந்தைய இறுதி நான்கு இலட்சம் ஆண்டுகளுக்குள்ளும் அங்கே அலமோசாரஸ் என்னும் நெடுங்கழுத்துப் பேருயிர் நடமாடியது. வடக்கே வாழ்ந்த டைனோசர் கூட்டம் வேறு. தெற்கே வாழ்ந்தது வேறு. இடத்துக்கு இடம் வேறுபட்ட வாழ்வு நலிவின் அடையாளமாகாது.

இந்திய மண்ணின் சான்றுகள்

இவ்வாதத்துக்குரிய சான்றுகளிற் பெரும்பகுதி வட அமெரிக்காவைச் சார்ந்தது. ஒரு கண்டத்தின் கணக்கை உலகின் கணக்காகக் கொள்ளல் இரு தரப்பினர்க்கும் தகாது. டைனோசர் காலத்தின் இறுதிப் பகுதியைச் சேர்ந்த பாறைகள் இந்தியாவிலும் உள்ளன. மத்தியப்பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் கண்டறியப்பட்டமை 2023இல் அறிவிக்கப்பட்டது. நெடுங்கழுத்து டைனோசர்கள் திரளாக முட்டையிட்ட நிலம் அது.

அரியலூர் வட்டாரத்துக் கல்லமேட்டுப் பாறைகளும் அக்காலத்தனவே. அங்குக் கிடைத்த மாபெரும் எலும்புகளுக்கு 1980களில் புருகத்காயோசாரஸ் எனப் பெயரிட்டனர். ‘பேருடல் கொண்டது’ என்பது அதன் கருத்து. அவ்வெலும்புகளோ பின்னர்ச் சிதைந்து அழிந்தன. வரைபடங்களும் ஒளிப்படங்களுமே எஞ்சியுள்ளன. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் நிலைத்த எலும்பே வெளிவந்தபின் சிதையுமாயின், மண்ணுக்குள்ளேயே சிதைந்தவை எத்தனையோ!

தீர்ப்பும் பொறுப்பும்

இச்சான்றுகளை ஒருங்கே நோக்குமிடத்து, டைனோசர்கள் தேய்ந்து அழிந்தன என்பதைவிட, வாழ்ந்துகொண்டிருக்கையில் அழிக்கப்பட்டன என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. அவற்றின் ஒரு கிளையாகிய பறவையினம் இன்றும் உலகெங்கும் சிறகடிக்கிறது.

இத்தீர்ப்பு பழங்கதையோடு முடிவதன்று. ‘தக்கன பிழைக்கும்’ என்னும் கருத்தைத் தவறாகக் கொண்டோர், அழிந்தவையெல்லாம் தகுதியற்றவை என்பர். வட அமெரிக்க வானத்தை மறைக்குமளவு பறந்த பயணிப் புறாக்கள் வேட்டையாலும் காடழிப்பாலும் குறைந்தன. அவற்றுள் இறுதியான ஒன்று 1914இல் சின்சினாட்டி விலங்குக் காட்சியகத்தில் இறந்தது. அப்பறவை வாழத் தகுதியற்றதாகவா இருந்தது? அழிந்ததன்மீது குறை சுமத்தும்போது, அழித்ததன் பொறுப்பு மறைந்துபோகிறது. விண்கல்லுக்கு அறிவில்லை, அதனிடம் பொறுப்பைக் கேட்கவும் இயலாது. மனிதருக்கு அறிவுண்டு. செழித்து வாழ்வது எதுவாயினும் ஒரே அடியில் வீழக்கூடும் என்பதை உணர்ந்து, அவ்வடி தம் கையிலிருந்து விழாமற் காப்பதே அவ்வறிவின் பயன்.